மூன்றாம் படிவத்தில் வரும் அந்தத் தாள்: இடைநிலைப்பள்ளியில் கலை, இசை, தொழில்திறன் பாடங்கள்

மூன்றாம் படிவம் முடியும் மாதங்களில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வீட்டுக்கு வரும். நான்காம் படிவத்தில் பிள்ளை எந்தப் பாடத் தொகுப்பில் படிக்க விரும்புகிறது என்று கேட்கும் தாள் அது. பல வீடுகளில் அது புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். கடைசி நாள் காலையில், பள்ளிப் பேருந்து ஹாரன் அடிக்கும் நேரத்தில், அவசரமாகக் கையெழுத்தாகிப் போகும்.

அந்தத் தாளில் பெற்றோர் பலர் கண் வைக்காத சில கட்டங்கள் உண்டு. காட்சிக்கலை, இசை, வீட்டு மின்கம்பி இணைப்பு, மோட்டார் சைக்கிள் பழுதுபார்த்தல், தையல், சமையல் போன்றவை அவை. 'இதெல்லாம் படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு' என்ற எண்ணம் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. ஆனால், இவை எஸ்.பி.எம். சான்றிதழில் பதிவாகும் பாடங்கள். திறன் சான்றிதழ், டிப்ளோமா, பட்டப்படிப்பு வரை இவற்றுக்குப் பாதை இருக்கிறது. அந்தப் பாதையின் வாசல் 15 வயதிலேயே திறக்கிறது. விவரம் தெரியாமல் அதைக் கடந்து போகிறவர்களே நம்மில் அதிகம்.

இடைநிலைப்பள்ளியில் இப்பாடங்கள் எங்கே, எப்படி, எந்தச் சான்றிதழுடன் நடத்தப்படுகின்றன என்பதைப் பெற்றோரும் மாணவர்களும் தெரிந்துகொள்ள இக்கட்டுரை உதவும்.

கைத்தொழில் பாடம் வந்த வழி

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் கைத்தொழில் பாடம் புதிதல்ல. 1965இல் விரிவான கல்வி முறை அறிமுகமானபோது, கீழ் இடைநிலை மாணவர்கள் தொழிற்கலை, மனையியல், விவசாய அறிவியல், வாணிபம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படித்தனர். இன்று தாத்தா பாட்டி வயதில் இருப்பவர்களில் சிலர் பள்ளித் தோட்டத்தில் பாத்தி கட்டியதையும், மரப்பலகையை இழைத்துப் பெட்டி செய்ததையும் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள்.

1989இல் கே.பி.எஸ்.எம். எனப்படும் ஒருங்கிணைந்த இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டம் தொடங்கியது. அதன் வழி வந்த பாடம் 'கெமாஹிரான் ஹிடுப்', அதாவது வாழ்வியல் திறன். மூன்று முனைப் பிளக்கில் ஒயர் பொருத்தியதும், துணியில் தையல் போட்டதும் இந்தத் தலைமுறைப் பெற்றோரின் பள்ளி அனுபவம். 2017இல் கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டம் முதலாம் படிவத்தில் தொடங்கியபோது, இதன் இடத்தில் 'ரேக்கா பெந்தோக் டான் தெக்னோலோஜி' வந்தது. ஆர்.பி.தி. என்று மாணவர்கள் சுருக்கிச் சொல்லும் வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடம் இதுவே.

இதற்கிடையே 2002இல், சாதாரண தேசிய இடைநிலைப்பள்ளிகளிலும் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் தொழில் கற்க வழி செய்யும் எம்.பி.வி. பாடங்கள் அறிமுகமாயின. 2012 முதல் தொழிற்பயிற்சிப் பள்ளிகள் படிப்படியாகத் தொழில்திறன் கல்லூரிகளாக மாற்றப்பட்டன.

தமிழர்களுக்கும் கைத்தொழிலுக்கும் உள்ள உறவு பள்ளிக்கூடத்திற்கு வெளியே வளர்ந்தது. தோட்டத்து எஞ்சின் அறையிலும், லோரிப் பட்டறையிலும், செந்தூல் இரயில்வே பட்டறையிலும் கையோடு கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு வேலை தெரியும், சான்றிதழ் கிடையாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தபோது, அந்தச் சான்றிதழ் இல்லாத குறை சம்பளத்தில் தெரிந்தது. பள்ளியிலேயே தொழிலையும் சான்றிதழையும் சேர்த்துப் பெறும் வாய்ப்பை நம் பிள்ளைகள் தவறவிடக் கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

முதல் மூன்று படிவங்கள்: எல்லாருக்கும் உள்ள பாடம்

கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டத்தில் படிவம் 1 முதல் 3 வரை இரண்டு இடங்களில் தெரிவு இருக்கிறது. ஒன்று, காட்சிக்கலைக் கல்வி அல்லது இசைக்கல்வி. மற்றொன்று, ஆர்.பி.தி. அல்லது அடிப்படைக் கணினி அறிவியல். தெரிவு என்று சொன்னாலும், பள்ளியில் எந்த ஆசிரியர் இருக்கிறார், எந்த வசதி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. இசை ஆசிரியர் இல்லாத பள்ளியில் எல்லாரும் காட்சிக்கலைதான் படிப்பார்கள்.

ஆர்.பி.தி. பாடத்தை வெறும் 'செய்முறை வகுப்பு' என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் படிவத்தில் மட்டும் இயந்திர வடிவமைப்பு, மின்சாரம், மின்னணு, அக்குவாபோனிக், உணவு, ஆடை வடிவமைப்பு ஆகியவை வருகின்றன. மீன் தொட்டியின் நீரைக் கொண்டே செடி வளர்க்கும் முறைதான் அக்குவாபோனிக். ஒரு பிரச்சினையைக் கண்டறிந்து, வரைந்து, மாதிரி செய்து, சோதித்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நடைமுறை.

பிள்ளை எதில் ஈடுபாடு காட்டுகிறது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டிய காலம் இதுவே. பழைய மின்விசிறியைக் கழற்றிப் பார்க்கும் பிள்ளையை 'கெடுத்துடாதே' என்று அதட்டுவதோடு நிறுத்திவிடாமல், ஆர்.பி.தி. ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். மூன்றாண்டு வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியர்கள் எழுதும் அடைவு நிலை, பின்னர் விண்ணப்பங்களுக்கும் பயன்படும்.

காட்சிக்கலை: ஓவியம் மட்டும் அல்ல

காட்சிக்கலை என்றால் படம் வரைவது என்றே பலர் நினைக்கின்றனர். பாடத்திட்டம் அதை நான்கு துறைகளாகப் பிரிக்கிறது. நுண்கலை, காட்சித் தொடர்பு, வடிவமைப்பு, பாரம்பரியக் கைவினை என்பவை அவை. ஓவியமும் சிற்பமும் நுண்கலையில் வரும். விளம்பரத் தட்டி, சின்னம், புத்தக அட்டை ஆகியவை காட்சித் தொடர்பில் அடங்கும். பொருள்களின் உருவமைப்பு, வீட்டு உள்ளலங்காரம் போன்றவை வடிவமைப்பின் கீழ் வரும். பாத்தேக், நெசவு, பின்னல், மட்பாண்டம், மரச்செதுக்கு போன்றவை கைவினைக்கு உரியவை.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இதில் அறிமுகம் இல்லாமல் இல்லை. தென்னங்குருத்தில் தோரணம் பின்னத் தெரிந்த கைக்குப் பின்னல் வேலை அந்நியமல்ல. புள்ளி வைத்துக் கோலம் போடும் பெண் பிள்ளைக்குச் சமச்சீர், மறுபடி வருதல், இடைவெளி எல்லாம் கையிலேயே இருக்கின்றன. பாடத்தில் அவற்றுக்கு மலாய்மொழியில் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டால் தேர்வில் எழுதலாம்.

மேல் இடைநிலையில் காட்சிக்கலையை எஸ்.பி.எம். பாடமாக எடுப்பவர்கள் கோட்பாட்டோடு செய்முறையிலும் மதிப்பிடப்படுகிறார்கள். ஒரு கருப்பொருளைத் தேர்ந்தெடுத்து, தகவல் திரட்டி, பல முன்வரைவுகள் போட்டு, இறுதிப் படைப்பு வரை கொண்டு செல்ல வேண்டும். அந்த வேலை முழுவதும் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். 'ஃபோலியோ' என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். கடைசி வாரத்தில் உட்கார்ந்து முடிக்கக்கூடிய வேலை அல்ல இது. வண்ணம், தூரிகை, தாள் என்று செலவும் உண்டு என்பதால் ஆண்டுத் தொடக்கத்திலேயே பட்டியல் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பிற்காலத்தில் கலைக்கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறைக்கோ விண்ணப்பிக்கும்போது படைப்புகளைக் காட்டச் சொல்வார்கள். ஆகவே, பள்ளியில் செய்தவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். குறைந்தது கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுத்தாவது வைத்திருக்க வேண்டும்.

இசை: கோயிலில் கற்றதும் பள்ளியில் கற்பதும்

இசை விஷயத்தில் நம் சமூகத்தின் நிலை சற்று வேறானது. பல பிள்ளைகள் பள்ளிக்கு வெளியேதான் இசை கற்கிறார்கள். கோயில் வகுப்பில் தேவாரம், தனியார் வகுப்பில் வீணை, வயலின், மிருதங்கம், இளைஞர் குழுவில் உருமி மேளம் என்று அது பரவிக் கிடக்கிறது. 1981இல் தொடங்கப்பட்ட 'டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' போன்ற அமைப்புகள் இசையையும் நடனத்தையும் முறையாகக் கற்பித்து வருகின்றன.

பள்ளியின் இசைக்கல்வி வேறு வகையில் நடக்கிறது. தாளக் குறியீடு, சுரக் குறியீடு, குழுவாக வாசித்தல், படைத்தல், கேட்டு உணர்ந்து விளக்குதல் ஆகியவை அதில் உண்டு. எந்தக் கருவி வாசிக்கக் கற்பிக்கப்படும் என்பது பள்ளியில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

உருமி அடிக்கும் பையனுக்குத் தாளம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அவனுக்கு இல்லாதது அதை எழுதவும் படிக்கவும் தெரிந்த பயிற்சிதான். பள்ளி இசை வகுப்பு அதைக் கொடுக்கும். எதிர்காலத்தில் இசை ஆசிரியராகவோ, ஒலிப்பதிவுக் கூடத்திலோ, திரை இசையிலோ வேலை தேடுபவருக்கு இரண்டும் தேவைப்படும். 'தைப்பூசத்துக்கு மட்டும் வாசிக்கிறான்' என்று ஒதுக்கிவிடாமல், பள்ளியில் இசைப்பாடம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம்.

எஸ்.பி.எம். அளவில் இசைக்கல்வியை வழங்கும் பள்ளிகள் காட்சிக்கலையை வழங்கும் பள்ளிகளைவிடக் குறைவு. பள்ளியில் இசைப்பாடம் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியது. இசை, நடனப் போட்டிகளில் பள்ளியையோ மாநிலத்தையோ பிரதிநிதித்துப் பெற்ற சான்றிதழ்களை வீட்டுச் சுவரில் மாட்டுவதோடு நிறுத்தாமல், அந்தந்த ஆண்டே வகுப்பாசிரியரிடம் கொடுத்து, புறப்பாட மதிப்பெண்ணில் சேர்க்க முடியுமா என்று கேட்க வேண்டும். ஐந்தாம் படிவத்தில் மொத்தமாகக் கொண்டு போனால் பழைய ஆண்டுகளுக்கு மதிப்பெண் கிடைப்பது கடினம்.

கலைப்பள்ளிகள்

இசை, நடனம், நாடகம், காட்சிக்கலை ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்ட அரசாங்க இடைநிலைப்பள்ளிகளும் உண்டு. 'செக்கோலா செனி மலேசியா' என்ற பெயரில் இவை 2007இல் ஜொகூரிலும் சரவாக்கிலும் தொடங்கின. பின்னர் வேறு இடங்களுக்கும் விரிவடைந்தன. வழக்கமான பாடங்களோடு தேர்ந்தெடுத்த கலைத்துறையிலும் ஆழமான பயிற்சி கொடுக்கப்படுகிறது. சேர்க்கைக்குத் திறன் தேர்வு உண்டு. மாணவர் ஆடியோ, பாடியோ, வாசித்தோ, வரைந்தோ காட்ட வேண்டும்.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா எனப்படும் தேசியக் கலை, பண்பாடு, மரபுடைமைக் கழகம் ஒரு முக்கியமான படிக்கட்டு. 1994இல் தேசியக் கலைக்கழகமாகத் தொடங்கிய இந்த அரசாங்க நிறுவனத்தில் டிப்ளோமாவும் பட்டமும் படிக்கலாம். அதன் நடனத்துறையில் பரதநாட்டியமும் கற்பிக்கப்படுகிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைக்கல்வி படித்து ஆசிரியராகலாம். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் கலைத்துறை இருக்கிறது. அரங்கேற்றம் முடித்த பெண் பிள்ளைக்கு நடனம் பொழுதுபோக்காகவே முடிந்துவிட வேண்டியதில்லை என்பதற்காக இந்த விவரம்.

எம்.பி.வி.: சாதாரணப் பள்ளியிலேயே ஒரு தொழில்

'மாத்தா பெலாஜாரான் வொக்காஷனல்' என்பதன் சுருக்கமே எம்.பி.வி. இதை வழங்கும் தேசிய இடைநிலைப்பள்ளியில் மாணவர் நான்காம், ஐந்தாம் படிவத்தில் மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு போன்ற பாடங்களோடு ஒரு தொழிற்பாடத்தையும் படிக்கலாம். எஸ்.பி.எம். சான்றிதழில் அதுவும் ஒரு பாடமாக இடம்பெறும்.

எம்.பி.வி.யில் மொத்தம் 22 பாடங்கள் உள்ளன. அவற்றைப் புரிந்துகொள்ள வசதியாக இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

கட்டடமும் வீடும்: வீட்டுக் கட்டுமானம், மரத் தளவாடம் செய்தல், குழாய் வேலை, மின்கம்பி இணைப்பு, உள்ளலங்காரம்.

இயந்திரமும் பழுதுபார்ப்பும்: வெல்டிங், கார் பழுதுபார்த்தல், மோட்டார் சைக்கிள் பழுதுபார்த்தல், குளிர்பதனப் பெட்டி மற்றும் ஏர்கோன் பழுதுபார்த்தல், வீட்டு மின்சாதனங்கள் பழுதுபார்த்தல்.

உணவும் உடையும் பராமரிப்பும்: சமையலும் பரிமாறலும், உணவு பதனிடுதல், ஆடை வடிவமைப்பும் தையலும், முக ஒப்பனையும் சிகை அலங்காரமும், குழந்தைப் பராமரிப்பும் மழலையர் கல்வியும், முதியோர் பராமரிப்பு.

பயிரும் உயிரினமும்: உணவுப் பயிர் வளர்ப்பு, நில அலங்காரமும் நாற்றங்காலும், நீர்வாழ் உயிரின வளர்ப்பும் பொழுதுபோக்குப் பிராணிகளும்.

கணினியும் வடிவமைப்பும்: கணினி வரைகலை, பல்லூடகத் தயாரிப்பு, விளம்பரப் பலகைக் கலை.

ஒரே பள்ளியில் இத்தனையும் கிடைக்காது. பொதுவாக ஒரு பள்ளி ஓரிரு பாடங்களையே நடத்தும். பட்டறை, கருவிகள், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகிய மூன்றும் இருந்தால்தான் வகுப்பு நடக்கும். பட்டறையில் இடம் குறைவு என்பதால் மாணவர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஆகவே, விரும்பிய பாடம் பக்கத்துப் பள்ளியில் இருக்கலாம். அங்கே மாற்றிக்கொள்ள விரும்பினால், மூன்றாம் படிவம் முடிவதற்கு முன்பே பள்ளி நிர்வாகத்தையும் மாவட்டக் கல்வி இலாகாவையும் கேட்க வேண்டும்.

மதிப்பீட்டில் பெரும்பகுதி பட்டறையில் செய்து காட்டும் வேலைக்கு உரியது. எழுத்துத் தேர்வும் உண்டு. ஆகவே, வகுப்புக்கு ஒழுங்காக வராத மாணவர் கடைசி நேரத்தில் படித்துத் தேற முடியாது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். வரலாறு 2013 முதல் இந்தக் கட்டாயத்தில் சேர்க்கப்பட்டது. வெல்டிங்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாலும், இந்த இரண்டில் ஒன்றில் தோற்றால் சான்றிதழ் கைக்கு வராது. 'தொழில்தானே படிக்கிறான்' என்று மலாய்மொழியையும் வரலாற்றையும் விட்டுவிடுவது பெரிய இழப்பில் முடியும்.

பி.வி.எம்.ஏ.: எஸ்.பி.எம்.மும் திறன் சான்றிதழும்

சில தேசிய இடைநிலைப்பள்ளிகளில் பி.வி.எம்.ஏ. எனப்படும் மேல் இடைநிலைத் தொழில்திறன் திட்டம் இருக்கிறது. எம்.பி.வி.யில் தொழில் ஒரு பாடம். இங்கேயோ கால அட்டவணையின் பெரும்பகுதி தொழிலுக்கே போகிறது. முக்கியப் பாடங்களில் மட்டும் எஸ்.பி.எம். எழுதிக்கொண்டு, எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழையும் மாணவர் பெறலாம்.

புத்தகத்தோடு ஓயாமல் மல்லுக்கட்டி மனம் உடைந்து, பள்ளிக்குப் போகவே மறுக்கும் பிள்ளைக்கு இது ஒரு நல்ல மாற்று. பாதியில் நின்றுவிடுவதைவிட, அதே சீருடையில், அதே நண்பர்களோடு, கையில் ஒரு தொழிலோடு வெளியே வரலாம்.

தொழில்திறன் கல்லூரி: நான்கு ஆண்டில் டிப்ளோமா

மூன்றாம் படிவத்தோடு சாதாரணப் பள்ளியை விட்டுக் 'கோலேஜ் வொக்காஷனல்' எனப்படும் தொழில்திறன் கல்லூரிக்குப் போவது இன்னொரு பாதை. கல்வி அமைச்சின் கீழ் நாடு முழுவதும் 80க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. பல கல்லூரிகளில் தங்கும் விடுதியும் உண்டு.

முதல் இரண்டு ஆண்டுகளில் எஸ்.வி.எம். எனப்படும் மலேசியத் தொழில்திறன் சான்றிதழ். தகுதி பெறுவோர் மேலும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து டி.வி.எம். எனப்படும் டிப்ளோமாவை முடிக்கலாம். டிப்ளோமா கட்டத்தில் நிறுவனங்களில் வேலைப் பயிற்சியும் அடங்கும். வாகனத் தொழில்நுட்பம், வெல்டிங், மின்சாரம், குளிர்பதனம், சமையற்கலை, ரொட்டி மற்றும் இனிப்புப் பண்டங்கள் தயாரித்தல், ஆடை வடிவமைப்பு, அழகுக்கலை, கணக்கியல் என்று துறைகள் பல.

இங்கேயும் மலாய்மொழிதான் திறவுகோல். எஸ்.வி.எம். சான்றிதழை எஸ்.பி.எம்.முக்கு நிகராக ஏற்கும்போது, தொழிற்பாடத் தேர்ச்சியோடு 1104 என்ற குறியீட்டைக் கொண்ட மலாய்மொழித் தாளில் பெற்ற முடிவும் பார்க்கப்படுகிறது. அரசாங்க வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக நினைக்கும் மாணவர், முதல் ஆண்டிலேயே இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

பி.தி.3 தேர்வு 2022இல் ரத்து செய்யப்பட்டது. இப்போது தேர்வு முடிவுத் தாள் ஒன்றை மட்டும் காட்டி இடம் கேட்க முடியாது. வகுப்பறை மதிப்பீடு, கல்வியாண்டு இறுதித் தேர்வு, உடற்கல்வி மற்றும் புறப்பாட மதிப்பீடு, உளவியல் மதிப்பீடு ஆகியவை சேர்ந்ததே மாணவரின் பதிவு. விண்ணப்பம் இணையம் வழி குறிப்பிட்ட சில வாரங்களுக்கே திறந்திருக்கும். அந்த அறிவிப்பைத் தவறவிட்டால் அந்த ஆண்டின் வாய்ப்பு போய்விடும்.

எஸ்.கே.எம். என்றால் என்ன?

திறன் சான்றிதழ்களை வழங்குவது மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டு இலாகா. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் இது நடக்கிறது. முதல் மூன்று நிலைகள் எஸ்.கே.எம். நான்காம் நிலை மலேசியத் திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர்நிலைத் திறன் டிப்ளோமா.

பள்ளியில் வாய்ப்பு கிடைக்காதவர்களுக்கும் மூன்று வழிகள் உண்டு. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் சேர்ந்து படிப்பது ஒன்று. எஸ்.எல்.டி.என். எனப்படும் இருவழிப் பயிற்சி இன்னொன்று. இதில் 70 முதல் 80 விழுக்காடு நேரம் வேலையிடத்திலும் மீதி நேரம் பயிற்சி மையத்திலும் கழியும். மூன்றாவது பி.பி.தி. எனப்படும் முன் அனுபவ அங்கீகாரம். இருபது ஆண்டுகளாகப் பட்டறையில் வேலை பார்த்தும் சான்றிதழ் இல்லாத தந்தை, தம் அனுபவத்துக்கான சான்றுகளைத் திரட்டிக் காட்டி எஸ்.கே.எம். பெற இது வழி செய்கிறது. மகனுக்கு விசாரிக்கும்போது தமக்கும் சேர்த்து விசாரித்துக்கொள்ளலாம்.

சில தொழில்களுக்கு இதற்கு மேலும் உரிமம் தேவை. பள்ளியில் மின்கம்பி இணைப்பு படித்ததால் மட்டும் ஒருவர் தாமே பொறுப்பேற்று வீடுகளுக்கு ஒயரிங் செய்துவிட முடியாது. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பச்சை அட்டை வேண்டும்.

மேற்கொண்டு படிக்க விரும்புவோருக்குத் தொழிற்பயிற்சிக் கழகங்கள், சமூகக் கல்லூரிகள், போலிடெக்னிக் கல்லூரிகள் உள்ளன. டிப்ளோமாவுக்குப் பிறகு, தகுதிக்கு ஏற்ப, ஜொகூரில் உள்ள யு.தி.எச்.எம்., மலாக்காவில் உள்ள யு.தி.இ.எம். போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கலாம்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளை

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் கலையானாலும் தொழிலானாலும் மலாய்மொழியில்தான் கற்க வேண்டும். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு படிக்கின்றனர். பட்டறையில் ஆசிரியர் சொல்லும் கருவியின் பெயர் புரியாமல் நிற்கும் பிள்ளையை 'மந்தம்' என்று நினைத்துவிடும் அபாயம் உண்டு. ஆர்.பி.தி., காட்சிக்கலைக் கலைச்சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு ஒரு சிறு நோட்டில் எழுதி வைக்கச் சொல்வது எளிய உதவி. வீட்டில் படித்த அண்ணனோ அக்காவோ இருந்தால் ஒரு விடுமுறையில் செய்துவிடலாம்.

தமிழ்மொழிப் பாடத்தையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருக்கும் நிலையில், தேசியப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்க வழி உண்டு. தொழிற்பாடத்தின் நீண்ட பட்டறை நேரமும் தமிழ் வகுப்பும் ஒரே நேரத்தில் மோதும் நிலை சில பள்ளிகளில் வரலாம். தமிழை விட்டுவிடுவதுதான் ஒரே வழி என்று பிள்ளை தானாக முடிவெடுத்துவிடக் கூடாது. கால அட்டவணை போடுவதற்கு முன்பே பெற்றோர் குழுவாகப் பள்ளி முதல்வரைச் சந்தித்தால் ஏற்பாடு செய்ய இடம் கிடைக்கும். அட்டவணை வந்த பிறகு போனால் தாமதம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தையலும் சமையலும் பெண்களுக்கு, வெல்டிங்கும் மோட்டாரும் ஆண்களுக்கு என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லவில்லை. அந்தக் கோடு வீட்டில் போடப்படுவதுதான்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

மூன்றாம் படிவத்தின் நடுப்பகுதியிலேயே பெற்றோர் பள்ளிக்குச் சென்று வகுப்பாசிரியரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ பின்வருவனவற்றைக் கேட்கலாம்.

1. இந்தப் பள்ளியில் நான்காம் படிவத்தில் காட்சிக்கலை, இசை, எம்.பி.வி., பி.வி.எம்.ஏ. ஆகியவற்றுள் எவை உண்மையில் நடக்கின்றன? ஆசிரியர் இருக்கிறாரா?

2. நாங்கள் விரும்பும் பாடம் இங்கே இல்லையென்றால், பக்கத்தில் எந்தப் பள்ளியில் இருக்கிறது? பேருந்து வசதி உண்டா?

3. இப்பாடத்தை எடுத்தால் எந்தப் பாடத்தை விட வேண்டி வரும்? தமிழும் கூடுதல் கணிதமும் அதில் அடங்குமா?

4. படிப்பு முடிவில் எந்தச் சான்றிதழ் கிடைக்கும்? எஸ்.பி.எம். மட்டுமா, எஸ்.கே.எம்.மும் சேர்ந்தா, எந்த நிலை வரை?

5. கருவி, சீருடை, பாதுகாப்புக் காலணி, பொருள்களுக்கு எவ்வளவு செலவாகும்? உதவி கிடைக்குமா?

6. தொழில்திறன் கல்லூரி, கலைப்பள்ளி விண்ணப்பங்கள் எப்போது திறக்கும்? பிள்ளையின் மதிப்பீட்டுப் பதிவு சரியாக இருக்கிறதா?

கல்வி அமைச்சு 2027 முதல் புதிய பள்ளிப் பாடத்திட்டத்தைக் கட்டங்கட்டமாக அறிமுகப்படுத்தப் போவதாக அறிவித்திருக்கிறது. பாடங்களின் பெயரும் அமைப்பும் மாறலாம். ஆகவே, அண்ணன் படித்தபோது இருந்த நிலை தம்பிக்கும் இருக்கும் என்று நினைத்துவிடாமல் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாப் பிள்ளையும் தொழிற்கல்விக்குப் போக வேண்டும் என்பதல்ல. அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளை அறிவியல் படிக்கட்டும். ஆனால், கையில் திறமை உள்ள பிள்ளை, 'அது தாழ்ந்த படிப்பு' என்ற ஒரே காரணத்தால் விருப்பமில்லாத வகுப்பில் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டு, எந்தச் சான்றிதழும் இல்லாமல் வெளியேறி, பிறகு பட்டறையில் எடுபிடியாகவே அதே தொழிலைத் தொடங்குவது நம் கண்முன்னே நடக்கிறது. பள்ளியிலேயே தொடங்கியிருந்தால் அதே பிள்ளை சான்றிதழோடு அந்தப் பட்டறைக்குள் நுழைந்திருக்கும்.

அந்தத் தாள் இந்த ஆண்டும் வரும். புத்தகப் பையின் அடியில் கிடக்க விடாமல், ஒரு மாலை பிள்ளையோடு உட்கார்ந்து முழுவதும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.